இரைப்பையைக் கண்டவர்கள்

மக்கள் உடலில் அமைந்துள்ள உறுப்புகளுள் இரைப்பையைப் போல் ஓயாமல் வசை கேட்பது பிறிதொன்று இல்லை. புளியேப்பம், எதுக்களிப்பு, நெஞ்சுக்கரிப்பு, மந்தம், பொருமல், உப்புசம் என்று அதன் குறைகளுக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! சித்த மருத்துவ நூல்கள் குன்மம் என்று ஒரு நோயைக் கூறும். திருநாவுக்கரசரை வாட்டியதாகப் பெரிய புராணம் கூறும் வயிற்று நோய் சூலை. இத்துணைப் பெயர்கள் வழங்குகின்றன என்றால், இம்மொழி பேசிய மக்கள் இத்துன்பத்தை நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

ஆயினும், பெயரை அறிவது வேறு. நோயை அறிவது வேறு. காலில் தோன்றிய கட்டியைக் கண்ணால் காணலாம். கையால் தொட்டு அறியலாம். இரைப்பையோ விலா எலும்புகளின் கீழே இருளில் கிடக்கின்றது. அது நமக்கு அறிவிப்பதெல்லாம் எரிச்சல், வலி, குமட்டல், ஏப்பம் ஆகிய சில குறிகளே. நோய்கள் பல, குறிகள் சில. வயிற்று நோயாளர் படும் துயரில் பாதி இதனால் விளைவதே.

என் பெரியப்பா ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். குரல் வளம் மிக்கவர். வகுப்பறையில் அவர் பாடம் சொன்னால் தெருவில் நிற்போருக்கும் கேட்கும். அவர் இரவில் உண்டு படுத்தால் ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து உட்கார்ந்து விடுவார். நெஞ்சின் நடுவே தணலை வைத்தாற்போல் எரிகிறது என்பார். புளித்த நீர் தொண்டை வரை ஏறி வரும். திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே அவர் விடியும்வரை இருந்த இரவுகள் பல. பெரியம்மா சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த நீர் தருவார். அண்டை வீட்டார் ஓமம் மெல்லச் சொன்னார். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், சமையல் சோடாவை நீரில் கலக்கிக் குடித்தால் உடனே தணியும் என்றார்; அவ்வாறே தணிந்தது; ஆனால் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எரிந்தது. இவ்வாறு பதினோராண்டுகள் சென்றன. எதை உண்டால் தீரும் என்று பலரிடம் கேட்டாரேயன்றி, இஃது என்ன நோய் என்று அவர் ஒருவரிடமும் கேட்டாரில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பின்னர் எரிச்சல் தானே குறைந்தது. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால் வேறொரு துன்பம் தலைகாட்டியது. தோசைத் துண்டு நெஞ்சில் நின்றுவிட்டது போல் இருக்கிறது என்றார். சில திங்களில் சோறும் இறங்கவில்லை. இறுதியில் கஞ்சியே உணவாயிற்று. உடல் மெலிந்தது, சட்டை தோளில் தொங்கியது. புற்றுநோய் என்னும் சொல்லை வாயால் சொல்ல அஞ்சி, 'அந்த நோயாக இருக்குமோ?' என்று பெண்கள் அடுக்களையில் தமக்குள் பேசிக்கொண்டனர். 1983-ஆம் ஆண்டில் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். அங்கு மருத்துவர் கண்டது யாது என்பதை அறியுமுன், வயிற்றின் அமைப்பையும், அதனுள் நோக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையும் அறிதல் நலம்.

நாம் விழுங்கும் கவளம் உணவுக்குழல் வழியாக இறங்குகின்றது. அக்குழல் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ளது. அது வெறுமனே தொங்கும் குழாய் அன்று. அதன் தசைகள் அலையலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளுகின்றன. ஆகவேதான் தலைகீழாக நிற்பவனும் ஒரு மிடறு நீரை விழுங்க முடிகிறது. உணவுக்குழல் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று காவல் புரிகின்றது. உணவு வரும்போது அது நெகிழ்ந்து வழிவிடும். உணவு சென்றபின் இறுகி மூடிக்கொள்ளும். மார்பிற்கும் வயிற்றிற்கும் இடையே திரைபோல் அமைந்த உதரவிதானமும் அவ்விடத்தைச் சூழ்ந்து இறுக்கி அதற்குத் துணை செய்கின்றது.

இரைப்பையில் சுரக்கும் நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. இதனை இங்கிலாந்து நாட்டு வில்லியம் பிரௌட் என்பார் கண்டறிந்து 1824-இல் வெளியிட்டார். எலுமிச்சைச் சாற்றினும் கடுமையானது இந்நீர். இறைச்சியைக் கரைக்கும் இது இரைப்பையைக் கரைக்காதது ஏன் என்னும் ஐயம் எவருக்கும் எழும். இரைப்பையின் உட்சுவரை வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்திக் காக்கின்றது. அச்சுவரின் மேற்பரப்பிலுள்ள உயிரணுக்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. உணவுக்குழலுக்கு இத்தகைய வலிய காப்பு இல்லை. காவல் தசை வேண்டாத வேளையில் நெகிழ்ந்தால் அமிலநீர் மேலே ஏறுகின்றது. குழலின் மெல்லிய சுவர் வேகின்றது. இதனையே நெஞ்சுக்கரிப்பு என்கிறோம். உணவுக்குழல் இதயத்தின் பின்புறமாகச் செல்வதனால் எரிச்சல் நெஞ்சில் தோன்றுகிறதேயன்றி, இதயத்திற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

வயிறு நிறைய உண்டபின் சிறிதளவு அமிலம் மேலேறுவது நலமுடையோரிடத்தும் நிகழ்வதே. வாரந்தோறும் பலமுறை வருத்தும்போதும், குழலைப் புண்படுத்தும்போதும் அஃது நோயாகின்றது. 'உடம்பில் அமிலம் கூடிவிட்டது' என்று பலர் கூறுவர். எதுக்களிப்பு நோயாளர் பெரும்பாலோரிடத்தில் அமிலம் கூடுவதில்லை. இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பெயர்கின்றது. வெள்ளம் வந்ததனால் அன்று, மதகு பழுதுபட்டதனால் வயல் அழிவது போன்றது இது. மிகுந்த கொழுப்புணவு, உடற்பருமன், புகைபிடித்தல், கருவுற்றிருத்தல் ஆகியன மதகைத் தளர்த்தும். சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே உதரவிதானத்தின் துளை வழியாக மார்பினுள் ஏறிவிடுவதும் உண்டு.

இச்செய்திகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் உயிரோடிருக்கும் ஒருவருடைய இரைப்பையைப் பல்லாண்டு உற்றுநோக்கும் வாய்ப்பு முதலில் ஒரு விபத்தினால் வந்தது. வட அமெரிக்காவில் ஹூரான் ஏரியிலுள்ள மாக்கினா என்னும் தீவில், 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், தோல் வாணிகக் கடை ஒன்றில் துப்பாக்கி கைதவறி வெடித்தது. அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலியாளின் இடப்பக்கம் சிதைந்தது. படை மருத்துவராகிய வில்லியம் போமான்ட், இவர் பிழையார் என்று எண்ணியபடியே மருத்துவம் செய்தார். செயின்ட் மார்ட்டின் பிழைத்தார். ஆனால் இரைப்பைக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது.

போமான்ட் அத்துளையைச் சாளரமாகக் கொண்டார். 1825-இல் ஆட்டத்தைத் தொடங்கினார் என்று சொல்லலாமோ, ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்று சொல்லலாமோ அறியேன். பட்டு நூலில் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு முதலியவற்றைக் கட்டித் துளை வழியாக உள்ளே விட்டார். மணிக்கொருமுறை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் கோசும் ரொட்டியும் பாதியளவு கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரைப்பை நீரைப் புட்டியில் எடுத்து, அதிலும் இறைச்சி கரைவதைக் கண்டார். செரித்தல் என்பது வெறும் அரைத்தலும் அன்று, அழுகலும் அன்று. நீர் ஒன்றினால் நிகழும் வேதிச் செயலே என்பது உறுதியாயிற்று. சினங்கொண்டபோது இரைப்பையின் தன்மை மாறுவதையும் குறித்துக்கொண்டார். 1833-இல் அவர் வெளியிட்ட நூலில் 200-க்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன.

போமான்டின் புகழைப் பாடும் நூல்கள் பல. செயின்ட் மார்ட்டின் பட்ட பாட்டைப் பற்றி அந்நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. எழுதப்படிக்க அறியாத அவ்வேழை, ஆண்டுக்கு 150 டாலர் கூலிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு தம் வயிற்றைக் காட்டினார். இடையிடையே சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவார். மணந்துகொண்டு மக்களைப் பெற்று, துளை விழுந்த வயிற்றோடு 1880 வரை வாழ்ந்தார். அவர் இறந்தபின் மருத்துவர்கள் உடலைக் கேட்டனர். குடும்பத்தார் மறுத்து, உடல் அறுப்பிற்கு உதவாதவாறு கெடும்வரை வைத்திருந்து, ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

துளையில்லாத வயிற்றினுள் நோக்குவது எங்ஙனம்? ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து மருத்துவராகிய அடால்ஃப் குஸ்மால் 1868-இல் ஒரு வழி கண்டார். வாள் விழுங்கிக் காட்டும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்து, வளையாத உலோகக் குழாய் ஒன்றை விழுங்கச் செய்தார். குழாய் இரைப்பையை எட்டியது. ஆனால் உள்ளே ஒளி போதவில்லை. மேலும், எல்லா நோயாளரும் வித்தைக்காரர் அல்லரே! பின்வந்தோர் குழாயைச் சற்று வளையுமாறு செய்தனர். எனினும் அச்சமும் இடரும் நீங்கவில்லை.

உள்ளே காண இயலாத அந்நாட்களில் வயிற்றுப்புண் உடையோர் பட்ட துன்பத்திற்கு நம் நாட்டு நெய்யூரே சான்று. 1922-இல் எவரெஸ்டு மலையேறச் சென்ற ஆங்கிலக் குழுவில் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். மலையினின்று திரும்பியவர் இந்திய நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தென்கோடிக்கு வந்தார். அப்பொழுது திருவிதாங்கூரிலும் இப்பொழுது கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய நெய்யூரில், பெருந்திரளான நோயாளர் காத்துக்கிடந்த ஒரு மருத்துவமனையைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த பெருவாழ்வைத் துறந்து, அங்கேயே பணிபுரியத் துணிந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் 8,500 மீட்டருக்கு மேல் ஏறியபின், நெய்யூருக்கே திரும்பினார்.

அங்கு அவரிடம் வந்தோருள் மிகப் பலர் முன்சிறுகுடலில் புண் உற்றவர். அறுவைதான் அன்று அறிந்த வழி. இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்து நீக்குதலோ, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறிடத்தில் இணைத்தலோ செய்வர். சாமர்வெல் அத்தகைய அறுவைகளை மிகப் பலவாகச் செய்து, அப்பட்டறிவை 1936-இல் மற்றொரு மருத்துவரோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் வேலூரில் மருத்துவ மாணவர்க்குக் கற்பித்தார். புண்ணை அறுக்கத் தெரிந்த கைகளுக்கும் அப்புண் எதனால் வந்தது என்பது தெரியவில்லை. மிளகாய் என்றனர்; கவலை என்றனர்; வேளை தப்பி உண்பது என்றனர். உலகெங்கும் மருத்துவ நூல்கள் இவ்வாறே எழுதின. புண்பட்டவன் வலியோடு, 'நீயே வரவழைத்துக்கொண்டாய்' என்னும் பழியையும் சுமந்தான்.

இருளைப் போக்கும் ஒளி கண்ணாடி இழையாக வந்தது. மயிரினும் மெல்லிய கண்ணாடி இழையின் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால், அது பக்கச் சுவர்களில் முழுமையாகத் தெறித்துத் தெறித்து, இழை வளைந்திருந்தாலும் மறுமுனையில் வெளிப்படும். ஆயிரக்கணக்கான இழைகளை வரிசை மாறாமல் கட்டினால், ஒளியை மட்டுமன்றி உருவத்தையும் கடத்தலாம். இதனை இலண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்பாரும், பஞ்சாபிலுள்ள மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்பாரும் செய்து காட்டி 1954-இல் வெளியிட்டனர். அக்கட்டுரையைப் படித்தவருள் ஒருவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் இருந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ். ஓர் இழையின் ஒளி அடுத்த இழைக்குக் கசிந்து உருவம் மங்குவது பெரிய இடையூறாக இருந்தது. லாரன்ஸ் கர்ட்டிஸ் என்னும் மாணவர், ஒவ்வோர் இழைக்கும் வேறுவகைக் கண்ணாடியால் உறையிட்டு அக்குறையை 1956-இன் இறுதியில் நீக்கினார். 1957-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹிர்ஷோவிட்ஸ் அக்கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். சில நாள் கழித்தே நோயாளருக்குப் பயன்படுத்தினார். எண்டோஸ்கோப் என்று நாம் வழங்கும் அகநோக்கி இவ்வாறு வளையும் வடிவம் பெற்றது. இழைக்கற்றையின் இடத்தை இன்று நுண்ணிய மின்னணு ஒளிப்படக் கருவி பெற்றுள்ளது.

கண்டதோடு நில்லாமல், உட்சுவரிலிருந்து அரிசி நொய்யளவு சதையைக் கிள்ளி எடுக்கவும் இக்கருவி உதவியது. அச்சிறு துணுக்குகளே புண்ணின் மறைபொருளை வெளிப்படுத்தின. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் வல்லுநர், அத்தகைய துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்கள் ஒட்டியிருப்பதை 1979-இல் நுண்ணோக்கியில் கண்டார். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்பது அக்காலக் கொள்கை. ஆதலால் அவர் சொல்லைக் கேட்டோர் சிலரே. 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளைய மருத்துவர் அவருடன் சேர்ந்தார். அக்கிருமியைத் தட்டுகளில் வளர்க்க இருவரும் முயன்றனர்; இரண்டு நாள் பார்ப்பதும், ஒன்றும் முளைக்காமையால் எறிந்துவிடுவதும் வழக்கமாயின. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டது. தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமிகள் முளைத்திருந்தன! மெல்ல வளரும் உயிர் அது. அதற்குப் பொறுமை காட்டியோர் அதுவரை இலர்.

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல், முதலில் தம் இரைப்பையைச் சோதிக்கச் செய்து அது நலமாயிருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். பின்பு அக்கிருமிகள் கலந்த நீரைக் குடித்தார்; மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. மீண்டும் அகநோக்கியால் பார்த்தபோது இரைப்பை அழற்சியுற்றிருந்தது. கிருமிகளும் அங்கு இருந்தன. அவருக்குப் புண் உண்டாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிருமி அழற்சியை விளைக்கும் என்பதையே அச்சோதனை காட்டிற்று. கிருமியை ஒழித்தால் ஆறிய புண் மீண்டும் வருதல் அரிது என்பது பிற ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். நெய்யூரில் கத்தியால் அறுத்த புண், இன்று இரண்டு வாரம் உண்ணும் மாத்திரைகளால் ஆறுகின்றது.

இக்கிருமி வயிற்றுப்புண்ணின் பெருங்காரணம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கி மாத்திரைகளை நெடுநாள் உண்பது மற்றொரு காரணம். ஆனால் எதுக்களிப்பு நோய்க்கு இக்கிருமி காரணம் அன்று. இருவர் ஒரே இடத்தில் கைவைத்து, 'இங்கே எரிகிறது' என்று காட்டுவர். ஒருவருக்கு வேண்டுவது கிருமிக்கொல்லி, மற்றவருக்கு அஃது ஒரு பயனும் தராது. மூன்றாமவருக்கு அது பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம்.

என் பெரியப்பாவுக்கு வருவோம். சென்னையில் ஒரு மருத்துவர் அகநோக்கியைச் செலுத்திப் பார்த்தார். உணவுக்குழலின் கீழ்ப்பகுதி பல்லாண்டு அமிலத்தால் புண்பட்டு, ஆறி, மீண்டும் புண்பட்டுத் தழும்பேறிச் சுருங்கிப் போயிருந்தது. வழி ஒரு பென்சில் பருமனே இருந்தது. கிள்ளி எடுத்த துணுக்கில் புற்று இல்லை என்று நான்காம் நாள் சொன்னார்கள். பெரியம்மா அவ்விடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். சுருங்கிய இடத்தைச் சிறிது சிறிதாக விரிக்கும் மருத்துவம் மூன்று முறை நடந்தது. எரிச்சல் குறைந்தது நோய் தீர்ந்ததனால் அன்று, குறுகிய வழியில் அமிலம் மேலேறுவதும் தடைப்பட்டதனால் என்று மருத்துவர் விளக்கியபோதுதான், நாங்கள் மகிழ்ந்தது எத்துணைப் பேதைமை என்பது புரிந்தது.

அவர் கேட்ட வினாக்கள் இன்றும் என் நினைவில் உள்ளன. உண்டவுடன் எரிகிறதா, வெறும் வயிற்றிலா? படுத்தால் மிகுமா, குனிந்தால் மிகுமா? நள்ளிரவில் வலி எழுப்புகிறதா? எந்த உணவு நெஞ்சில் நிற்கிறது, சோறா நீரா? என்னென்ன மாத்திரைகளை எவ்வளவு காலம் உண்டீர்கள்? பதினோராண்டில் பிறர் எவரும் கேளாதவை இவை. நோயாளரும் மருத்துவரிடம் 'வாயு' என்று தாமே பெயரிட்டுச் சொல்லாமல், உற்றதை உற்றவாறே சொல்ல வேண்டும். சில நாள் உண்டதையும் உறங்கியதையும் எரிந்த வேளையையும் ஒரு தாளில் குறித்துச் செல்வது மிக நன்று. தொடர்ந்த வறட்டிருமல், காலையில் குரல் கம்மல், பல்லின் மேற்பூச்சுத் தேய்தல் ஆகியனவும் எதுக்களிப்பால் வரக்கூடும். இவற்றை வயிற்றோடு சேர்த்து எண்ணாமையால் சொல்லாமலே விடுவோர் பலர்.

எல்லார்க்கும் அகநோக்கி வேண்டுவதில்லை. இளையோருக்கு, வேறு தீக்குறி இல்லையெனில், அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சில வாரம் தந்து பயன் காண்பர். ஜேம்ஸ் பிளாக் என்பாரின் ஆராய்ச்சியால் 1976-இல் வெளிவந்த சிமெட்டிடினும், 1988-இல் வந்த ஒமெப்ரசோலும் இத்துறையில் பெருமாற்றம் விளைத்தவை. கிருமி உண்டா என்பதை மூச்சுக் காற்றைச் சோதித்தும் அறியலாம். அகநோக்கியில் ஒன்றும் காணப்படாமலே எரிச்சலால் வருந்துவோரும் உளர். அவர்களுக்கு மெல்லிய இழை ஒன்றை மூக்கின் வழியாக உணவுக்குழலில் இறக்கி, 24 மணி நேரமும் அமிலம் எத்தனை முறை ஏறுகிறது என்று கணக்கிடுவர். 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று மருத்துவர் கூறினால், 'புண் ஒன்றும் இல்லை' என்பதே பொருள். 'உன் துன்பம் பொய்' என்பது பொருளன்று. வீட்டார் இவ்வேறுபாட்டை உணராமல் ஏளனம் செய்யும்போது, நோயினும் அதுவே மிகுதியாகச் சுடும்.

காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய குறிகள் சில உள்ளன: விழுங்குவது கடினமாதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், ஓயாத வாந்தி. எங்கள் தெருவில் மாவுமில் வைத்திருந்தவர் ஒருவர், மார்பு இறுகி வியர்த்துக் கொட்டியபோது, 'வாயுப் பிடிப்புத்தான்' என்று சொல்லிச் சோடா வாங்கிக் குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தார். அது மாரடைப்பு. மருத்துவமனை இரண்டு தெரு தள்ளியே இருந்தது. மார்பில் பாரமும், இடத்தோள், கை, தாடை ஆகியவற்றிற்குப் பரவும் வலியும், வியர்வையும் கண்டால், அதனை வயிற்றுக் கோளாறு என்று நாமே முடிவு செய்தல் கூடாது.

நோய் இன்னதென்று அறிந்தபின் அதனோடு வாழ்வது அத்துணைக் கடினமன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் அளவையும், முன்னுண்டது செரித்தபின் உண்பதையும் கூறுவதற்கே செலவிட்டுள்ளார். எதுக்களிப்பு நோயாளருக்கு இன்றைய மருத்துவர் முதலில் கூறுவதும் இதுவே. ஒரே வேளையில் மிக உண்ணாமல் சிறிது சிறிதாக உண்ண வேண்டும். இரவு உணவிற்கும் உறக்கத்திற்கும் இடையே மூன்று மணி நேரமாவது செல்ல வேண்டும். எண்ணெயில் பொரித்தவற்றைக் குறைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும், பருத்த உடலை இளைக்கச் செய்வதும், இடுப்பை இறுக்கிக் கட்டாதிருப்பதும் பயன் தரும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும். காரம் எல்லார்க்கும் ஆகாது என்பதற்கில்லை; தமக்கு எது ஒவ்வாதோ அதனை அவரவரே கண்டு விலக்க வேண்டும். அஞ்சி அஞ்சி ஒவ்வோர் உணவாக விலக்கி, முடிவில் மோர்ச் சோறு ஒன்றே உண்டு மெலிந்தோரையும் நான் கண்டிருக்கிறேன்.

படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் ஒரு வழி. தலையணையை அடுக்கினால் கழுத்தும் வயிறும் மடங்குமேயன்றிப் பயனில்லை. கட்டிலையே உயர்த்த வேண்டும். சென்னையினின்று திரும்பிய அன்று மாலை, பெரியப்பா கொல்லையில் கிடந்த நான்கு செங்கற்களைத் தாமே கழுவி எடுத்து வந்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழே காலுக்கு இரண்டாக அடுக்கினார். சரிவில் உருண்டு விழுந்துவிடுவார் என்று பேரப்பிள்ளைகள் சிரித்தனர். அன்றிரவு திண்ணைத் தூண் வெறுமையாய் இருந்தது. அடுத்த ஆண்டு வீட்டிற்கு வெள்ளையடித்தபோது, அச்செங்கற்களுக்கும் சேர்த்தே அடிக்கச் சொன்னார்.